வெள்ளம் மட்டும் கதையாகாது

மும்பை தாராவியின் 90 அடி சாலைப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் கதைகளை ஆசையோடு படிப்பவன் நான். பெரும்பாலும் அப்பாவின் கதை. நெல்லையிலிருந்து ரயிலேறி வருகிறார். தோல் பதனிடும் இடத்தில் வேலைக்குச் சேர்கிறார். 1992-93 கலவரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறார். 2005 ஜூலை 26 அன்று வீட்டுக்குள் தண்ணீர் புகுகிறது. அன்று சாந்தாகுரூஸில் பதிவான மழை 944 மி.மீ. அத்தனையும் உண்மை. இருந்தும், படித்து முடித்தால் வருடங்கள் நினைவிருக்கின்றன, அப்பா நினைவில் இல்லை.

அவருக்கு எல்லாம் நேர்கிறது. அவராக எதையும் செய்வதில்லை. அதுதான் குறை. ஒரு ஆள் ஒன்றைச் செய்ய வேண்டும், அதன் விளைவு அவரையே தேடி வர வேண்டும். ஆரம்பம், முடிச்சு, உச்சம் என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு.

தாராவியைக் களமாகக் கொண்ட 'நாயகன்' (1987) படம் வந்த நாளிலிருந்து, அதில் பம்பாய் தாதா வரதராஜ முதலியாரின் சாயல் எவ்வளவு என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். மணிரத்னம் அந்தக் கதையைக் கட்டிய விதம் அதைவிடப் பெரிய விஷயம். தகப்பனைக் கொன்ற போலீஸ்காரரைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடிவருகிறான் வேலு என்ற சிறுவன். வளர்ந்தபின், தன்னை எடுத்து வளர்த்த ஹுசேன் பாயின் சாவுக்குப் பழியாக இன்ஸ்பெக்டர் கேல்கரைக் கொல்கிறான். கேல்கருக்கு மனவளர்ச்சி குன்றிய மகன் இருப்பது பிறகுதான் தெரிகிறது. அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறான். கடைசியில், நீதிமன்றம் விடுவித்த வேலு நாயக்கரைச் சுடுவது அந்த மகன் அஜித். சிறுவயதில் வேலு எதைச் செய்தானோ, அதையே இன்னொரு தகப்பனின் பிள்ளை அவருக்குச் செய்கிறான். எதிர்க் கும்பல் சுட்டு அவர் செத்திருந்தால் அது வெறும் பத்திரிகைச் செய்தி.

கத்தியும் துப்பாக்கியும் கட்டாயமில்லை. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' தொகுப்பில் துப்பறிபவர் சுதா குப்தா என்ற மும்பைப் பெண். குற்றவாளி யார் என்பதைவிட, மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டார்கள் என்பதே அங்கே என்னை இழுத்துப்போனது.

சரி, அந்த அப்பாவை என்ன செய்யலாம்? கலவர நாளில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து, "அண்ணாச்சி, வந்து வாங்கிக்கிறேன்" என்று போகட்டும். திரும்பி வரவே வேண்டாம். பணமுடை வந்த ஒரு நாளில் அப்பா பெட்டியைத் திறந்து உள்ளிருந்த வளையல்களை அடகு வைக்கட்டும். மகளிடம்கூடச் சொல்லாமல் மூடி வைத்துவிடட்டும். பிறகு 2005-ன் மழை வரட்டும். முழங்கால் தண்ணீரில் நின்று, மகளின் பாடப் புத்தகங்களையா அந்தக் காலிப் பெட்டியையா, எதை முதலில் பரணில் ஏற்றுவது என்று அவர் திணறும்போது, மகள் பெட்டியைக் கையில் வாங்குகிறாள். கனமே இல்லை. அவள் கேட்கப்போகும் கேள்விதான் இந்தக் கதையின் உச்சம். தோல் வேலைக்கு இரண்டு வரி போதும். ரயில் பயணத்தை எடுத்தே விடலாம்.