விதியும் கண்ணோட்டமும்

கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஏலாக்குறிச்சி, அடைக்கல மாதா திருத்தலத்தால் மட்டுமன்றி, அங்குத் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றிய வீரமாமுனிவராலும் பெயர் பெற்ற ஊராகும். அவர் படைத்த பரமார்த்த குருவின் கதையை நாம் சிரித்து மகிழ்வதற்கே படிக்கின்றோம். ஆயின், ஆட்சியியல் பாடம் ஒன்றும் அதனுள் அடங்கியுள்ளது.

குதிரைமேல் செல்லும் குருவின் தலைப்பாகை விழுகின்றது; சீடர்கள் எடுத்தாரில்லை. விழுவன யாவற்றையும் எடுக்குமாறு பணித்ததும் குதிரைச் சாணத்தையும் ஏந்துகின்றனர். எனவே, எடுக்கத்தக்கவற்றிற்குப் பட்டியல் ஒன்று எழுதப்படுகின்றது. பின்னர்க் குருவே குழியில் விழ, பட்டியலில் அவர் இல்லை என்று வாளா நிற்கின்றனர். அவர் தம் கையாலேயே அதனையும் எழுதித் தந்த பின்னரே தூக்குகின்றனர். எத்துணை நீண்ட பட்டியலும் எல்லா நேர்வுகளையும் அடக்காது என்பதன்றோ இதன் உட்பொருள்?

அரசின் கொள்கை தலைநகரில் எழுதப்படுகின்றது. அது உயிர் பெறுவதோ சிற்றூரின் நியாயவிலைக் கடையிலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும்தான். மக்களை நேரில் காணும் கடைநிலை ஊழியர் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகி விடுகின்றன என்று மைக்கேல் லிப்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர் 1980இல் தம் நூலில் நிறுவினார். அதே 1980 நவம்பரில்தான் தமிழக அரசு, கர்ணம், மணியக்காரர் முதலிய பழைய கிராமப் பதவிகளை ஒழித்தது. அவ்விடத்திற்குத் தேர்வின்வழி கிராம நிர்வாக அலுவலர் வந்தனர்.

முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தில் முதல் விசாரணை இவருடையதே. ஆதரவற்றோர்க்கு உதவுக என்கின்றது விதி. பெற்ற மகன் திருப்பூரில் இருந்தும் ஒரு காசும் அனுப்பாத மூதாட்டி ஆதரவு உடையவரா, அற்றவரா? விதி இதற்கு விடை கூறாது. வீட்டு அடுப்பைக் கண்டவரே கூற இயலும். 2020இல் நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகைப் பதிவு பரவலானபோது, உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி அறியாது தடுமாறியதும் இத்தகையதே. 2025இல் தாயுமானவர் திட்டம் முதியோர் இல்லந்தேடிப் பொருள் கொண்டு சென்றது. அதற்கு முன்னெல்லாம் அவர்தம் அரிசி, விற்பனையாளரின் மனப்பாங்கையும் சார்ந்திருந்தது.

உரிமை கொடுத்தால் கையூட்டும் உறவுப்பற்றும் நுழையாவோ எனச் சான்றோர் வினவலாம். நுழையும், அவ்வச்சம் பொய்யன்று. வள்ளுவர் கண்ணோட்டத்தை இல்லறவியலில் வைக்காது அரசியலில் வைத்தார். செங்கோன்மைக்குப் பின்னும் ஒற்றாடலுக்கு முன்னும் வைத்தார். நீதி முன்னிற்க, கண்காணிப்புப் பின்வர, இரண்டிற்கும் இடையே இரக்கம் இயங்குக என்பது அவ்வைப்புமுறையில் நாம் காணும் கருத்து. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அம்முனிவரே.

ஆகவே, உரிமையைப் பறித்தல் தீர்வாகாது. அதற்கு வரம்பு கட்டுதலே தீர்வு. மறுப்போர் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். மேல்முறையீட்டிற்கு எளிய வழி வேண்டும். ஒருவர்மீது பல ஊர்களின் சுமையை ஏற்றுதல் கூடாது. ஐயம் எழுமிடத்து ஏழையின் பக்கம் சாய்தல் வேண்டும். தகுதியற்ற ஒருவர் பெற்றதைப் பின்னர்த் திருத்தலாம். தகுதியுடையார் பசித்திருந்த நாளை எவராலும் மீட்டுத்தர இயலாது.

நம் மாணவருள் பலர் நாளை அந்நாற்காலிகளில் அமரவுள்ளனர். குழியில் விழுந்தவரைக் கண்டு பட்டியலைப் புரட்டும் சீடராகாது, முதலில் கைகொடுத்துத் தூக்கி, பின்னர்க் காரணத்தை ஏட்டில் எழுதும் அலுவலராக அவர்கள் விளங்குதல் வேண்டும்.