கடைச்சுற்று வீரர்களிடம் எதிர்பார்க்கத்தக்கது எது?

அமெரிக்கக் கால்பந்தின் தலையாய தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்., ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் கல்லூரி வீரர்களைத் தன் 32 அணிகளுக்கும் பங்கிட்டுத் தரும் ஏற்பாடு டிராஃப்ட் எனப்படுகிறது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணி முதலில் தேர்ந்தெடுக்க, ஏழு சுற்றுகளில் ஏறத்தாழ 260 பேர் தேர்வாகின்றனர். இவற்றுள் ஐந்தாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரையிலான தேர்வுகளைப் பற்றி இரசிகர்களிடமும் விளையாட்டு எழுத்தாளர்களிடமும் ஒரு கருத்து ஊன்றிப் போயிருக்கிறது. திறமையை இனங்காணத் தெரிந்த அணி இச்சுற்றுகளிலேயே நட்சத்திரங்களைக் கண்டெடுத்துவிடும் என்பதும், இவ்வாறு தேர்வானவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தொடக்க ஆட்டக்காரராக உயராவிட்டால் அத்தேர்வு வீண் என்பதும் அக்கருத்தின் சாரம். இது உண்மைக்குப் புறம்பானது. அதைவிட, கடைச்சுற்று வீரர்கள் உண்மையில் ஆற்றும் பணியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவது.

இக்கருத்தை ஏற்போர் முதலில் காட்டும் சான்று டாம் பிரேடி. 2000ஆம் ஆண்டு ஆறாம் சுற்றில், 199ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்குத் தேர்வான இந்த குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரர், பின்னர் ஏழு முறை சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியை வென்றார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதே பேட்ரியட்ஸ் அணி வேறு ஆறு வீரர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது என்பதை அச்சான்றைக் காட்டுவோர் சொல்வதில்லை. அவருடைய வருங்காலத்தை அணி முன்கூட்டியே அறிந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிற அணிகள் அவரைக் கொண்டுபோகும் வாய்ப்பை விட்டுவைத்து ஆறாம் சுற்று வரை காத்திருக்க யாதொரு காரணமும் இல்லை. முதல் பருவத்தில் பிரேடி எறிந்தவை மூன்றே எறிவுகள். அவ்வாண்டு அணி வழக்கத்துக்கு மாறாக நான்கு குவார்ட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டதால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அந்நால்வருள் ஒருவரான மைக்கேல் பிஷப், முந்தைய ஆண்டு ஏழாம் சுற்றில் அதே அணியால் தேர்வு செய்யப்பட்டவர். அவருக்குத் தொடக்க ஆட்டக்காரராகும் வாய்ப்பு வரவே இல்லை. ஒரே அணி அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே இடத்துக்குக் கடைச்சுற்றுகளில் தேர்ந்த இருவருள் ஒருவர் பிரேடியாகவும் மற்றவர் பிஷப்பாகவும் ஆயினர் என்றால், அதை அணியின் கணிப்புத் திறன் ஒன்றினால் விளக்கிவிட முடியாது.

அண்மைக்காலச் சான்றாகக் காட்டப்படும் பிராக் பர்டியின் வரலாறும் இதையே சொல்கிறது. 2022இல் 262ஆவது ஆளாக, அதாவது அவ்வாண்டின் கடைசித் தேர்வாக, அவரைச் சேர்த்துக்கொண்ட சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி, அதற்கு முந்தைய ஆண்டுதான் டிரே லான்ஸ் என்னும் குவார்ட்டர்பேக்கைப் பெறுவதற்காக மூன்று முதற்சுற்று வாய்ப்புகளைக் கைமாற்றியிருந்தது. லான்ஸும், அவருக்குப் பின் ஆடிய ஜிம்மி கராப்பலோவும் ஒரே பருவத்தில் காயமுற்ற பிறகே பர்டியின் கைக்குப் பந்து வந்தது. கிடைத்த வாய்ப்பை அவர் பற்றிக்கொண்ட விதம் போற்றத்தக்கது. ஆயினும் அணி அவரிடம் எதிர்பார்த்தது மூன்றாம் நிலை மாற்று ஆட்டக்காரருக்குரிய இடத்தைத்தான், அந்த எதிர்பார்ப்பு நியாயமானதும்கூட.

அணிகள் கடைச்சுற்று வாய்ப்புகளுக்குத் தாமே வைக்கும் மதிப்பையும் நோக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயன்படுத்திய மதிப்பெண் பட்டியல், தேர்வு வாய்ப்புகளை அணிகள் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது எது எதற்கு ஈடாகும் என்று அளந்து சொல்வது. அதில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள் இருக்க, ஆறாம் சுற்றின் எந்தத் தேர்வுக்கும் முப்பது புள்ளிகள்கூட இல்லை. பேரம் பேசுகையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக மதிக்கப்படும் ஒன்றிடம், ஆட்டக்களத்தில் மட்டும் முதற்சுற்றுக்குரிய பலனைக் கேட்பது முறையாகாது.

வெற்றி பெறும் அணிகளின் திறனறிவோர், அதாவது கல்லூரி ஆட்டங்களைக் கண்டு வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டுகள், மற்றவர்களைவிடக் கூர்மையான கண் உடையவர்கள் என்பது அடுத்த வாதம். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் ஆகிய இரு ஆய்வாளர்கள் டிராஃப்ட் முடிவுகளை ஆராய்ந்தபோது, ஓர் ஆட்ட இடத்துக்கு அடுத்தடுத்துத் தேர்வாகும் இருவருள் முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேற்பட்டது என்று கண்டனர். கடைச்சுற்றுகளில் எஞ்சியிருப்போர் அனைவரும், எல்லா அணிகளும் பலமுறை பார்த்துவிட்டு ஏதோ ஒரு குறையால் ஒதுக்கியவர்கள் என்பதால், அங்கே கணிப்புக்குள்ள இடம் இன்னும் குறுகிவிடுகிறது.

கணக்கும் இக்கருத்துக்கு இடங்கொடுப்பதில்லை. தாக்குதலுக்குப் பதினொருவர், தற்காப்புக்குப் பதினொருவர் என ஓர் அணியின் தொடக்க ஆட்டக்காரர்கள் 22 பேர். பருவம் முழுதும் அணியில் இருக்கத்தக்கவர்கள் 53 பேர். கோடைப் பயிற்சி முகாமுக்கு வரும் ஏறத்தாழ 90 பேரிலிருந்து ஆகஸ்டு இறுதிக்குள் அந்த 53 பேரைப் பொறுக்கியெடுக்க வேண்டும். கடைசி மூன்று சுற்றுகளில் மட்டும் ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்குச் சராசரியாக மூவருக்கு மேல் வருகின்றனர். அவர்கள் எல்லோரும் தொடக்க ஆட்டக்காரர்களாவதாயின், அவர்களது முதல் ஒப்பந்தத்தின் நான்காண்டுக் காலத்துக்குள் 22 இடங்களில் பாதிக்கு மேல் அவர்களாலேயே நிரம்பிவிடும். முற்சுற்று வீரர்களுக்கும் அனுபவம் வாய்ந்தவர்களுக்கும் பிறகு மிஞ்சுவது எது?

இரண்டு மூன்று ஆண்டுகள் என்ற கெடுவும் ஆதாரமற்றது. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்கக் கால்பந்தே ஆடியிராத நிலையில் 2018இல் ஏழாம் சுற்றில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குத் தேர்வாகி, முதல் இரு பருவங்களில் ஒரு முறையான ஆட்டத்திலும் களமிறங்காமல் இருந்து, மூன்றாம் பருவத்தில்தான் ஆடத் தொடங்கினார். 1993இல் எட்டாம் சுற்றில் (அன்று டிராஃப்ட் எட்டுச் சுற்றுகளாக இருந்தது) பேட்ரியட்ஸுக்கு வந்த டிராய் பிரவுன், அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டவர். அவர் ஒரே பருவத்தில் நூறு பந்துகளுக்கு மேல் பிடித்தது 2001இல்தான்.

இவ்வளவுக்கும் மேலாக மறுக்க வேண்டியது, தொடக்க ஆட்டக்காரராகாத தேர்வு வீண் என்பதை. பந்தை உதைக்கும் தருணங்களுக்கென்றே களமிறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் என்னும் பிரிவில்தான் கடைச்சுற்று வீரருக்கு முதல் கதவு திறக்கிறது. பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற டெரல் டேவிஸும், 1995இல் ஆறாம் சுற்று வீரராக வந்தபோது, டோக்கியோவில் நடந்த முன்னோட்ட ஆட்டத்தில் உதைபந்தை ஏந்தி ஓடிவந்தவரை வீழ்த்திய ஒரு மோதலால்தான் பயிற்சியாளர்களின் கவனத்தைப் பெற்றார். டேவிஸைப் போல அங்கிருந்து மேலேறாமல் அப்பிரிவிலேயே உழைத்துத் தேய்வோரே மிகப் பெரும்பான்மை.

அத்தகையோரின் மதிப்பை அறிய 2002 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் நடந்த, என்.எஃப்.எல்.லின் இரு பிரிவுகளுள் ஒன்றான ஏ.எஃப்.சி.யின் இறுதியாட்டத்தைப் பார்க்கலாம். மூன்று புள்ளிகளுக்காக ஸ்டீலர்ஸ் அணி உதைத்த பந்தை பேட்ரியட்ஸின் பிராண்டன் மிட்செல் தடுக்க, உருண்ட பந்தை டிராய் பிரவுன் எடுத்து ஓடி, தாம் பிடிபடுவதற்கு முன் பக்கவாட்டில் வந்த ஆன்ட்வான் ஹாரிஸிடம் தட்டிவிட, ஹாரிஸ் எல்லைக் கோடுவரை ஓடி முடித்தார். பேட்ரியட்ஸ் 24-17 என வென்றது. அடுத்து நடந்த சூப்பர் பவுலில் ராம்ஸ் வீரர் ரிக்கி புரோலின் கையிலிருந்து பந்தை மோதி உதிர்த்தவரும் அதே ஹாரிஸ்தான்; அதிலிருந்து பேட்ரியட்ஸுக்கு ஏழு புள்ளிகள் கிடைத்தன, இறுதி வித்தியாசமோ மூன்றே புள்ளிகள். இந்த ஹாரிஸ் 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் பிரேடிக்குப் பன்னிரண்டு இடங்கள் முன்பாக அதே ஆறாம் சுற்றில் தேர்வானவர். நிலையான தொடக்க ஆட்டக்காரராக அவர் என்றுமே இருந்ததில்லை.

அதே ஆண்டில் 239ஆவது ஆளாக, ஏழாம் சுற்றில், அதே அணிக்கு வந்த பேட்ரிக் பாஸ், முன்னால் ஓடித் தடுத்து வழிவிடும் ஃபுல்பேக்காகவும் உதை ஆட்டங்களில் ஓடுபவராகவும் 2006 வரை அங்கேயே நிலைத்து, மூன்று சாம்பியன் அணிகளில் இடம்பெற்றார். கடைச்சுற்று வீரர் ஒருவரிடம் ஓர் அணி நியாயமாக எதிர்பார்க்கத்தக்கதின் மேல்வரம்பு ஏறத்தாழ இதுதான்: மலிவான ஒப்பந்தத்தில் வந்து, 53 பேருள் ஒருவராகத் தன் இடத்தைப் பல ஆண்டுகள் காத்துக்கொண்டு, சொன்ன வேலையைப் பிழையின்றிச் செய்வது. பிரேடியை அளவுகோலாக்கிப் பாஸைத் தோல்வி என்று எழுதுவோர், அந்த 2000ஆம் ஆண்டுத் தேர்வில் அணியின் திறனறிவோர் உண்மையிலேயே தெரிந்து செய்த நல்ல காரியத்தைத்தான் கணக்கிலிருந்து நீக்குகின்றனர்.