காயமுற்ற பிரயாணிக்கு யார் பொறுப்பு?

பஸ் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் வாயில் முதலில் எழும் சொல் "விதி" என்பதாகும். மாண்டோருக்கு மலர்வளையமும், காயமுற்றோருக்கு அனுதாபமும், சாரதிக்கு விளக்கமறியலும் கிடைத்தபின் செய்தி பழையதாகிவிடுகிறது. அடுத்த விபத்து நேரும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. காலிழந்த கமக்காரன் தன் வெங்காயத் தறைக்கு யாரைக்கொண்டு நீர் இறைக்கிறான்? கணவனை இழந்த பெண் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு யாரிடம் கையேந்துகிறாள்? இவற்றைக் கேட்பார் இல்லை. இவ்வாரம் நாம் கேட்க விரும்புவது இக்கேள்விகளையே.

அண்மைக்கால நிகழ்ச்சிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2022 நவம்பர் 5ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சென்ற பஸ் வவுனியா நொச்சிமோட்டையில் புரண்டு உயிர்களைப் பறித்தது. 2023 ஜூலை 9ஆம் திகதி கதுருவலையிலிருந்து கல்முனை நோக்கிச் சென்ற பஸ் மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்தது. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலைக் கரண்டியெல்லையில் பள்ளத்திற் பாய்ந்து இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியிலும் அதே கதி நேர்ந்தது. இந்நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் மாண்டுபோவோர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர்.

மலைநாட்டிலும் சமவெளியிலும், தனியார் பஸ்ஸிலும் அரசாங்க பஸ்ஸிலும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே மாள்கின்றனர். இத்தனையும் விதியின் செயலென்று கைகட்டி நிற்பது அறிவுடைமையாகாது. இவற்றின் காரணங்கள் அறியப்பட்டவை. மனிதரால் உண்டானவை. ஆகவே மனிதரால் நீக்கப்படக்கூடியவை.

முதற் காரணம் போட்டி. ஒரே வீதியிற் பல கம்பனிகளின் பஸ்கள் பிரயாணிகளுக்காக முந்தியடித்தோடிய கொடுமையைக் கண்டு, ஒரு பாதைக்கு ஒரு சேவை என்னும் ஒழுங்கை நிலைநாட்ட 1942இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1979இல் தனியாருக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது, ஒன்றிரண்டு பஸ்களை மட்டும் உடைய சிறு உரிமையாளர் பெருந்தொகையினர் வீதிக்கு வந்தனர். அவர்களோடு பழைய போட்டியும் திரும்பி வந்தது. சாரதிக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் இல்லை. அன்றைய வசூலிற் பங்கே அவர்தம் ஊதியம். உரிமையாளருக்குக் குறித்த தொகையைக் கொடுத்தபின் மிஞ்சுவதே வீட்டுக்கு. முன்னே செல்லும் பஸ்ஸை முந்தினால் அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பத்துப்பேர் அவர்களுக்கு, முந்தாவிட்டால் மற்றவனுக்கு. இவ்வாறு ஊதியத்தை ஓட்டப் பந்தயத்தோடு பிணைத்துவிட்டு, "மெதுவாக ஓட்டுக" என்று வீதியோரத்திற் பலகை நாட்டுவதனால் யாது பயன்?

இரண்டாவது காரணம் வாகனத்தின் குறை. இந்நாட்டில் ஓடும் பஸ்களிற் பல லொறிக்கென அமைந்த அடிச்சட்டத்தின்மீது கூடு கட்டப்பட்டவை. தளம் உயர்ந்திருப்பதனால் பாரமும் உயர்கிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் சாய்கிறது. ஆசனங்கள் உறுதியாகப் பொருத்தப்படாவிடின், பஸ் புரளும்போது ஆசனத்தோடு பிரயாணியும் தூக்கி எறியப்படுகிறான். மலைப்பாதையில் இறங்கும்போது கீழ்க் கியரில் இறங்காது பிறேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். அதன்மேல் தேய்ந்த ரயரும், ஆசனத் தொகைக்கு மேலாக நிற்பவர் கூட்டமும் சேர்ந்தால் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. கொத்மலைப் பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸில் எழுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெறவேண்டுமென்பது சட்டம். சான்றிதழ் பெற்ற நாளில் இருந்த ரயர்தான் மறுநாளும் பஸ்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்?

மூன்றாவது காரணம் உறக்கம். மாலையில் யாழ்ப்பாணத்திற் புறப்பட்டு விடியற்காலையில் வெள்ளவத்தையை அடையும் பஸ் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றரை இரவோடிரவாகக் கடக்கிறது. பகலிற் போதிய ஓய்வின்றி மறுபடியும் இரவில் அதே சாரதி அதே ஆசனத்தில் அமர்ந்தால், விடியற்சாமத்தில் அவன் கண் மூடுவது அவன் குற்றம் மட்டுமன்று. அவனை அவ்வாறு அமர்த்தியவனின் குற்றமுமாகும்.

நான்காவது காரணம் வீதி. பசறையில், மேலிருந்து சரிந்த பாறை அகற்றப்படாது வீதி ஒடுங்கியிருந்த இடத்தில், எதிரே வந்த வாகனத்துக்கு வழிவிட ஒதுங்கியபோதே பஸ் வீழ்ந்தது. பாறையை அகற்றாதவர் பெயரை மக்கள் அறிவாரா?

இக்காரணங்கள் அனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஓருண்மை புலனாகும். சாரதி கடைசி மனிதன் மட்டுமே. அவனுக்குப் பின்னால் உரிமையாளரும், அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரியும், சான்றிதழில் ஒப்பமிட்டவரும், வீதியைப் பேணவேண்டியவரும் நிற்கின்றனர். ஆயினும் விபத்து நேர்ந்ததும் சட்டத்தின் கை சாரதியின் தோளில் மட்டுமே விழுகிறது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அவன் குற்றவாளியானால் தண்டிக்கப்படட்டும். ஆனால் அவன் சிறை செல்வதனால் காலிழந்தவனுக்குக் கால் வருவதில்லை. அரசாங்கத்துக்குச் செல்லும் குற்றப்பணம் விதவையின் அடுப்பை எரிப்பதில்லை.

நட்டஈடு வேறு வழக்கு. அதனை நம் மக்கள் தெளிவாக அறிதல் வேண்டும். தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தவராயினும், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளராயினும், இவ்விடயத்தில் எல்லோரையும் ஆள்வது உரோமன் டச்சுச் சட்டமே. ஊழியன் தன் தொழிலின்போது இழைத்த கவனயீனத்துக்கு எசமானும் பொறுப்பாளி என்பது அதன் உறுதியான கொள்கை. ஆகவே வழக்கிடவேண்டியது வறிய சாரதிமேல் மட்டுமன்று. பஸ் உரிமையாளர்மேலும் ஆகும். அரசாங்க பஸ்ஸாயின் போக்குவரத்துச் சபை வழக்காடவும் வழக்காடப்படவும் உரிய கூட்டுத்தாபனம். அரசின் ஊழியர் கவனயீனத்துக்காக அரசின்மீதே வழக்கிடும் உரிமையை 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அளித்துள்ளது.

"மிதிபலகையில் நின்றவனுக்கு எதுவும் கிடையாது" என்று பயமுறுத்துவாரை நம்பவேண்டாம். பிரயாணியின் பங்குக் கவனயீனம் தொகையைக் குறைக்குமேயன்றி உரிமையை அழிக்காது என்பதை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நிலைநாட்டியுள்ளது. மாண்டவரின் பராமரிப்பையும் துணையையும் இழந்த குடும்பத்தினர் அவ்விழப்புக்காக நட்டஈடு கோர 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. உரிமையாளரிடம் பணமில்லை என்ற சாட்டு ஆதலால் முடிந்த முடிபன்று.

சட்டம் இவ்வளவு தந்திருக்க, காயமுற்றவன் வெறுங்கையோடு நிற்பது ஏன்? சட்டத்துக்கும் அவனுக்கும் இடையே மூன்று பள்ளங்கள் உள்ளன.

முதலாவது காலம். காயம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் வழக்கிடாவிடின் காலவிதிப்புச் சட்டம் கதவை அடைத்துவிடும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிமேல் நடக்கும் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே பலர் அவ்விரண்டாண்டையும் இழந்துவிடுகின்றனர். அந்த வழக்கு நடப்பதனால் இந்தக் காலம் நின்றுவிடுவதில்லை. மேலும், வழக்கிடுமுன்னரோ, இட்டு ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடாவிடின், தீர்ப்பு வந்தாலும் நிறுவனத்திடம் பணம் பெறமுடியாது.

இரண்டாவது தூரம். கிளிநொச்சிக் கமக்காரன் புத்தளத்தருகே காயமுற்றால், விபத்து நேர்ந்த இடத்து நீதிமன்றத்தையோ, எதிராளி வசிக்கும் இடத்து நீதிமன்றத்தையோ நாடவேண்டியவனாகிறான். ஊன்றுகோலுடன் தவணைக்குத் தவணை அத்துணை தூரம் செல்ல அவனால் இயலுமா?

மூன்றாவது மொழி. இதனை நாம் அழுத்திக் கூறவேண்டியிருக்கிறது. அநுராதபுரத்திலோ குருநாகலிலோ பஸ் புரண்டால், நினைவு தெளியாத நிலையில் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் தமிழனின் வாக்குமூலம் அவனறியாத சிங்கள எழுத்தில் பதியப்படுகிறது. "கையெழுத்திடு" என்கின்றனர், இடுகிறான். சாரதி வேகமாக ஓட்டினான் என்று அவன் சொன்னது அதில் உள்ளதா, மாடு குறுக்கே வந்தது என்று எழுதப்பட்டுள்ளதா என்பதை அவன் அறியான். பின்னர் நீதிமன்றத்தில் அவ்வாக்குமூலமே அவனுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படுகிறது. தமிழும் அரச கரும மொழியென 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் சொல்கிறது. வைத்தியசாலைக் கட்டிலருகே அத்திருத்தம் வந்து சேரவில்லை. 1958இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த பஸ்களை வடக்கே அனுப்புவதில் ஆட்சியாளர் காட்டிய ஊக்கத்தை நாம் மறக்கவில்லை. பலகையின் எழுத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கை, அப்பஸ்களிற் காயமுற்றோரின் எழுத்துக்கும் காட்டியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

ஆதலின் அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை: சாரதிக்கும் நடத்துநருக்கும் வசூலிற் பங்கின்றி நிலையான சம்பளம் வழங்குவதை வழித்தட அனுமதிப்பத்திரத்தின் கட்டாய நிபந்தனையாக்குக. நெடுந்தூர இரவு பஸ்ஸில் இரண்டாவது சாரதி இன்றிப் பயணம் தொடங்க இடங்கொடாதீர். மரணம் விளைந்த விபத்தில் சாரதியோடு உரிமையாளரையும், சான்றிதழ் வழங்கியவரையும், வீதிக்குப் பொறுப்பானவரையும் விசாரித்து அறிக்கையை மும்மொழியிலும் வெளியிடுக. வாக்குமூலம் சொன்னவரின் மொழியிலேயே பதியப்படுக. காயமுற்றோரின் சிகிச்சைச் செலவையும் இழந்த நாட்கூலியையும், வழக்குத் தீரும்வரை காத்திராது, காப்புறுதி நிதியிலிருந்து மாதந்தோறும் வழங்குக. ஒவ்வொரு பெருவிபத்துக்குப் பின்னும் அரசாங்கம் அறிவிக்கும் தொகை கருணைப் பணம். நாம் கேட்பது உரிமைப் பணம்.

மாகாணத்துக்குள் ஓடும் பஸ் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாண சபைக்குரியது. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் நடத்தப்படாது, ஆளுநரின் கையிலேயே நிருவாகம் இருந்தது. தன் வீட்டு வாசலால் ஓடும் பஸ்ஸின் நேரத்தையும் வேகத்தையும் தீர்மானிக்கும் உரிமைகூட இல்லாத மக்களாக நாம் வைக்கப்பட்டோம். சுயாட்சி என்பது மேடைப் பேச்சுக்குரிய பொருள் மட்டுமன்று. பஸ்ஸில் ஏறியவன் உயிரோடு இறங்குவதும் அதனுள் அடங்கும்.

நம்மவர்க்கும் கடமையுண்டு. சட்டத்தரணிகளே, ஆண்டுக்குச் சில வழக்குகளையேனும் இக்குடும்பங்களுக்காகக் கட்டணமின்றி ஏற்று நடத்துங்கள். வைத்தியர்களே, காயத்தின் அறிக்கையைத் தெளிவாகவும் தாமதமின்றியும் எழுதிக் கொடுங்கள்; ஒரு சொல் குறைந்தால் ஒரு குடும்பத்தின் உணவு குறையும். கமக்கார சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வழக்குச் செலவுக்கு ஒரு சிறு நிதியை ஒதுக்கிவைத்தல் தகும். பிரயாணிகளாகிய நாம் ஒவ்வொருவரும் பிரயாணச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோமாக. பஸ்ஸின் இலக்கத்தைக் குறித்துக்கொள்வோமாக. வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள எத்தாளிலும், "இதோடு முடிந்தது" என்று உரிமையாளர் நீட்டும் எப்பத்திரத்திலும், சட்டத்தரணியைக் கேளாமல் ஒப்பமிடாதிருப்போமாக. பந்தயம் ஓட்டும் சாரதியை "இன்னும் விரைவாக" என்று ஊக்குவிப்பவரும் நம்மிடையே உளர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அவ்வழக்கம் இன்றோடு ஒழிக.

நேற்று மாண்டவரை மீட்க எவராலும் இயலாது. இன்றிரவும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்கள் புறப்படும். அவற்றில் நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கும், நம் முதியோர் வைத்தியசாலைக்கும் செல்வர். அவர்களில் எவர்க்கேனும் தீங்கு நேருமாயின், அதற்குப் பொறுப்பானவர் இன்னாரென நாடு அறிதல் வேண்டும். அவர் ஈடுசெய்தல் வேண்டும். அந்த நிலை வரும்வரை நாம் இதனை மீண்டும் மீண்டும் எழுதுவோம்.