எலிசபெத் சீமாட்டி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரைக் கேள்வியுறாத மாணவர் நம் நாட்டில் அரியர். அவர்தம் தாயார் யாரென்று வினவினால் மட்டும் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. எலிசபெத் கிளே பீபி என்பது அவ்வம்மையாரின் பெயர். இங்கிலாந்திலே கென்ற் பகுதியைச் சேர்ந்தவர்.

அவரை மணந்த சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாண மரபினர். தந்தையார் வடமராட்சிக் கெருடாவிலிற் பிறந்து, கொழும்பில் முதலியாராய் உயர்ந்து, 1835இல் சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர். மகனோ 1863இல் இலண்டனிலே பாரிஸ்டரானார். இந்துக்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அவ்வாண்டிலேயே அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்டார். 1874இல் 'சேர்' பட்டம் வந்தது. இலண்டன் மேன்மக்களின் விருந்து மண்டபங்கள் அவருக்குத் திறந்தே இருந்தன. டிஸ்ரேலி எழுதி முடியாது விட்ட நாவலில் வரும் கீழைநாட்டுப் பாத்திரம் ஒன்றுக்கு இவரே மாதிரி என்பர்.

விருந்துக்கு அழைப்பது வேறு, பெண் கொடுப்பது வேறு. நம்மூரிலும் அப்படித்தானே! சைவர் ஒருவரை வெள்ளையர் குலப் பெண் கைப்பிடிப்பது அந்நாளில் எளிய காரியமன்று. ஆயினும் கன்ரபரிப் பேராயரே அத்திருமணத்தை நடத்தி வைத்தார் எனச் சொல்லப்படுகிறது. எலிசபெத்துக்குச் 'சீமாட்டி' என்னும் சிறப்பு பிறப்பால் வந்ததன்று. கணவரின் பட்டத்தால் வந்தது. ஆங்கில மாதுக்கு அவ்வரிசையைத் தமிழர் ஒருவர் ஈந்தார் என்பதில் நமக்கும் ஒரு சிறு மகிழ்ச்சி.

கொழும்பிலே 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஆனந்தர் பிறந்தார். இரண்டாண்டு நிறையுமுன் தாயும் மகவும் இங்கிலாந்து சென்றனர். பின்னே கணவரும் கப்பலேறுவதாக ஏற்பாடு. 1879 மே 4ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில், கொழும்பிலேயே அவர் காலமானார்.

இளங் கைம்பெண்ணின் முன் எத்தனை வழிகள் இருந்தன! மறுமணம் அவர் சமுதாயத்தில் இழுக்கன்று. அவர் அதனை நாடவில்லை. பிள்ளைக்குத் தம் குலப்பெயரைச் சூட்டியிருக்கலாம், அதுவும் செய்திலர். தந்தையின் முகம் நினைவில் நில்லாத சிறுவன், குமாரசுவாமி என்னும் பெயருடனேயே வைக்கிளிவ் கல்லூரியிற் பயின்றான். மகனை நம் மண்ணினின்று பிரித்துவிட்டாரே எனச் சிலர் குறை கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பிரிந்த மகன் 1903இல் கனிப்பொருள் ஆராய்ச்சித் தலைவராய் இங்கே திரும்பினார். கல்லை ஆராய வந்தவர் கலையை ஆராயலானார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது.

இக்குடும்பத்திற் பின்னர் மருமகளாய் வந்த லீலாவதி இராமநாதனை யாழ்ப்பாணம் நன்கறியும். அவுஸ்திரேலியப் பெண்மணியான அவர், 1913இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் கல்லூரியோடு ஒன்றிவிட்டவர். எலிசபெத் சீமாட்டிக்கு இங்கே கட்டடமொன்றுமில்லை. ஆனால் மகனின் முழுப்பெயர் ஆனந்த கென்றிஷ் குமாரசுவாமி. நடுப்பெயர் தாயின் கென்ற் நாட்டைச் சுட்டுவது. 1917இல் பொஸ்ரன் நூதனசாலையிற் சேர்ந்து, 1947இல் மறையும்வரை அவர் எழுதிய நூல்களின் முகப்பிலும் அது 'கே' என்ற ஓரெழுத்தாய் நின்றது.