போர்க்காலப் பொய்ச் செய்திகளுக்கு உடனடித் திருத்தம் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
முன்னாள் படைவீரர் குடும்பங்களின் சங்கம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தகவல் மற்றும் ஒலிபரப்பு அமைச்சகம்,
இந்திய அரசு, புது தில்லி.
(வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள்)

பொருள்: போர்க்காலத் தொலைக்காட்சிச் செய்திகள் – பொய்யான தகவல்களை 24 மணி நேரத்துக்குள் திருத்த விதி வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பிள்ளைகள் எல்லையில் நிற்கும்போது, அங்கே நடப்பதை அறிய எங்களுக்குள்ள வழி பெரும்பாலும் தொலைக்காட்சிதான். 2025 மே மாதம் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் ‘ஆபரேஷன் சிந்தூர்’ ராணுவ நடவடிக்கை நடந்த நாள்களில் அந்த வழியை நம்ப முடியாமல் போயிற்று.

மே 8 இரவு, கராச்சித் துறைமுகம் அழிக்கப்பட்டது என்றும், பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைதானார் என்றும் பல சேனல்கள் அறிவித்தன. இரண்டுமே நடக்கவில்லை. பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் குண்டுவீச்சுக்குப் பலியான ஆசிரியர் ஒருவரைச் சில சேனல்கள் பயங்கரவாதி என்றன. காவல்துறை மறுப்பு வெளியிட்டது; ஜூன் மாதம் உள்ளூர் நீதிமன்றம் வழக்குப் பதியவும் உத்தரவிட்டது. ஆயினும், இறந்தவரின் குடும்பம் துக்கத்தோடு பழியையும் சுமந்தது.

பொய்யான வெற்றிச் செய்திகள் மக்களின் எதிர்பார்ப்பை எங்கோ கொண்டுபோய் நிறுத்தின. அதனால் மே 10 மாலை அறிவிக்கப்பட்ட சண்டை நிறுத்தம் பலருக்குத் துரோகமாகப் பட்டது. வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் அவர் குடும்பத்தாரும் சமூக ஊடகங்களில் வசைக்கு ஆளாயினர். போரை எப்போது நிறுத்துவது என்பதை ஸ்டுடியோக்கள் மூட்டிவிடும் ஆவேசம் தீர்மானிக்கக் கூடாது. அந்த முடிவில் எங்கள் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

அரசின் மௌனமும் வதந்திக்கு இடம் கொடுத்தது. அந்தச் சண்டையில் இந்தியாவுக்கு நேர்ந்த போர் விமான இழப்பை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மே 31 அன்று, சிங்கப்பூரில் அளித்த பேட்டியில்தான்.

ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று தங்கள் அமைச்சகம் ஏப்ரல் 26 அன்று அறிவுறுத்தியது. 2008 மும்பைத் தாக்குதலின் நேரலையை, அத்தாக்குதலில் பிடிபட்ட கசாபின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்ததை நாங்கள் மறக்கவில்லை. எனவே அமைச்சகத்தின் அந்த அறிவுரையை முழுமனதோடு ஏற்கிறோம். பொய்யையும் அரை உண்மையையும் கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஏற்கெனவே தடுக்கின்றன. ஆனால் 2021-ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி, புகாருக்குப் பதில் தர சேனலுக்கு 15 நாள் அவகாசம் உண்டு. மே மாதச் சண்டையோ நான்கே நாளில் முடிந்துவிட்டது.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. போர்க்காலச் செய்திகள் மீதான புகார்களுக்கு 24 மணி நேரத்துக்குள் சேனல்கள் பதிலளித்து, பொய்யானவற்றைத் திருத்த வேண்டும்.

2. பொய்ச் செய்தி எந்த நேரத்தில், எவ்வளவு பெரிதாக ஒளிபரப்பானதோ, அதே நேரத்தில், அதே அளவில் திருத்தமும் வர வேண்டும்.

3. அதிகாரபூர்வ உறுதிப்பாடின்றி எவரையும் பயங்கரவாதி என அடையாளம் காட்டக் கூடாது. வீரமரணம் அடைந்தவரின் பெயரை, குடும்பத்துக்குத் தகவல் சேரும் முன் வெளியிடக் கூடாது.

4. பழைய காட்சி, கணினி விளையாட்டுக் காட்சி ஆகியவற்றைக் களக் காட்சியாகக் காட்டுவதும், ஸ்டுடியோவில் அபாயச் சங்கு ஒலிப்பதும் தண்டத்துக்குரியவை ஆக்கப்பட வேண்டும்.

5. பாதுகாப்புக்குக் குந்தகம் வராத அளவில், இழப்புகள் உட்பட அன்றாட நிலவரத்தை அரசே தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் வெளியிட வேண்டும்.

6. இவ்விதிகளை அரசை விமர்சிக்கும் ஊடகங்களை முடக்கப் பயன்படுத்தக் கூடாது. புகார்களை, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான தன்னாட்சிக் குழு விசாரிக்க வேண்டும்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், விதிகளை இறுதி செய்யுமுன் படைவீரர் குடும்பங்களின் கருத்தைக் கேட்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: செயலாளர், பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி.