கற்பதற்கு எந்த லினக்ஸ்?

கற்பதற்கு ஏற்ற லினக்ஸ் எது? டெபியன் என்பேன் நான்.

1993-இல் தோன்றிய அதனைத் தன்னார்வலர்களே பேணி வருகின்றனர். உபுண்டுவும், சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸும் அதன் வழிவந்தவையே. வேரை அறிந்தவனுக்குக் கிளை விளங்காதா?

"உபுண்டு எளிதாயிற்றே!" என்பர் சிலர். உண்மை; அலுவலுக்கு எளிமை போதும், கல்விக்குப் போதுமா?

பூதிகோட்டையை எண்ணிப் பாருங்கள். வானொலி உரிமம் கிட்டாத 2003-இல், அவ்வூரார் 'நம்ம த்வனி'யைக் கம்பிவழியே வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். நிகழ்ச்சிகளை ஊர் மக்களே உருவாக்கினர். கருவி வந்ததால் அன்று, கையாளக் கற்றதால் குரல் பெற்றனர்.

ஆகவே, மாதம் ஒரு லினக்ஸ் மாற்றும் மயக்கம் வேண்டா. ஒன்றையே ஓராண்டு பயிலுங்கள். பழுதானால் நீங்களே திருத்துங்கள். திறந்து கிடக்கும் கதவுக்குள் நுழையாதிருந்தால், என்றும் நாம் வாடிக்கையாளரே!