ஒலிக்க மறுக்கும் கோப்புகள்

ஓலையில் எழுதி மொழியைக் காத்த காலம் மாறி, பேசுவோர் குரலையே பதிந்து காக்கும் காலம் வந்துள்ளது. ஓலைக்குப் பகை செல்லும் ஈரமும். ஒலிக்கோப்புக்குப் பகையாவது பெரும்பாலும் அதன் வடிவமே. கோப்பு சிதையாது முழுமையாக இருக்கும். ஆயினும் கணினி அதனை ஒலிக்க மறுக்கும். லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களில் இந்நிலையைக் காணும் மாணவர் சிலர், “இலவசமாகக் கிடைப்பதன் தரம் இவ்வளவுதான்” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு பொருந்தாது என்பதே நம் கருத்து. அம்மௌனம் இயலாமையால் வந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

எம்பி3 என்னும் வடிவத்தை உருவாக்கியதில் ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1995 இல் அப்பெயர் பெற்ற அவ்வடிவம் சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. பரவிய பின்னரே காப்புரிமையின் கைநீண்டது. 1998 இல், எம்பி3 கோப்பை ஆக்கும் நிரல்களை இலவசமாக வழங்கியோர்க்கு உரிமக்கட்டணம் கேட்டு மடல்கள் சென்றன. பிறர்க்குப் படியெடுத்து வழங்க எவர்க்கும் உரிமையளிக்கும் கட்டற்ற மென்பொருள், ஒவ்வொரு படிக்கும் எவ்வாறு கட்டணம் செலுத்தும்? எனவே 2002 இல் ரெட்ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் வெளியீட்டிலிருந்து எம்பி3 வசதியையே நீக்கிவிட்டது. அதே ஆண்டில், காப்புரிமைத் தளையற்ற ‘ஆக் வோர்பிஸ்’ வடிவத்தின் முதல் நிலைப்பதிப்பு வெளிவந்தது. தரத்தில் அது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும் கடைத்தெருவில் விற்ற ஒலிக்கருவிகளுள் பல அதனை ஏற்கவில்லை. 2017 இல் எம்பி3 மீதான உரிமத் திட்டம் முடிவுற்றது. இன்று லினக்ஸில் எம்பி3 தடையின்றி ஒலிக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் கணினியின் திறன் குறைவாக இருந்ததோ? இல்லை, சட்டத்தின் பூட்டு இருந்தது.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவிலேயே காப்புரிமைக்கு உரியதாகக் கொள்வதில்லை. எனினும் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்குவோர் அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி நீக்கியது, இங்கே அதனை நிறுவிய மாணவனுக்கும் கிட்டாமற் போயிற்று. எங்கோ இட்ட பூட்டு எங்கோ ஒரு வாயை அடைப்பது வியப்பன்றோ!

எம்பி3 விடுதலை பெற்றதனால் சிக்கல் முற்றும் தீர்ந்ததென்று கொள்ளற்க. பழைய கைப்பேசிகள் பதிந்த ஏஎம்ஆர், மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ முதலிய வடிவங்கள் இன்றும் சில லினக்ஸ் கணினிகளில், உரிய கூறுகளை நிறுவும்வரை ஒலிப்பதில்லை. கோப்பின் பெயரில் உள்ள ஈற்றை மாற்றினால் ஒலிக்கும் என்று எண்ணுவாரும் உளர். குடத்தின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளிருக்கும் எண்ணெய் தேனாகுமா? வேண்டுவது அவ்வடிவத்தைப் படித்தறியும் நிரல். பிரான்சின் பாரிஸ் நகரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996 இல் திட்டப்பணியாகத் தொடங்கிய முயற்சியே இன்று விஎல்சி என்னும் இயக்கியாக நிற்கிறது. மாணவர்கள் என்பதை அழுத்தியே சொல்கிறோம். 2000 இல் தோன்றிய எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரல் தொகுதியும் இவ்வடிவங்களைப் படிக்கும். வேறு வடிவுக்கு மாற்றியும் தரும்.

ஆனால், “ஒலித்துவிட்டது, போதும்” என்று அமைவதில் நமக்கு உடன்பாடில்லை. நம் துறை மாணவர்கள் களப்பணியில் பதிந்த தாலாட்டும் ஒப்பாரியும், முதியோர் வாய்மொழியும் பெரும்பாலும் ஏஎம்ஆர் கோப்புகளாகவே உள்ளன. தொலைபேசி உரையாடலுக்கென அமைந்த வடிவம் அது. வழக்கமான அதன் வகை நொடிக்கு 8,000 மாதிரிகளை மட்டுமே எடுப்பதால், 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அதில் பதியாது. பேச்சின் பொருள் விளங்கும். ஸகர ஷகர உரசொலிகளின் கூர்மை மழுங்கும். இழந்ததை எந்த நிரலும் மீட்டுத் தராது. மேலும் அதனை எம்பி3 ஆக மாற்றினால், சுருக்கியதையே மீண்டும் சுருக்குவதால் எஞ்சியதிலும் ஒரு பங்கு குன்றும். 2001 முதல் வழங்கும் ஃபிளாக் என்னும் திறந்த வடிவமோ பெறும் ஒலியில் எதனையும் கழிப்பதில்லை. அதன் இலக்கணம் எவரும் படித்து நிரல் எழுதத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது.

தமிழ் கற்றோர்க்கு இப்பாடம் புதிதன்று. எழுத்துருவுக்கு ஒரு குறியீடாகத் தமிழ் சிதறிக் கிடந்த நாள்களை மூத்த ஆசிரியர்கள் அறிவர். 1999 இல் தாம், தாப் என்னும் தரங்கள் வந்தன. 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சிட்ட கட்டுரைகளை உரிய எழுத்துரு இன்றித் திறந்தால், இன்றும் பொருளற்ற குறிகளே திரையை நிறைக்கின்றன. எழுத்துக்கு நேர்ந்தது குரலுக்கும் நேர வேண்டுமா?

எனவே இனிக் களப்பணிக்குச் செல்வோர், கைப்பேசியின் பதிவுச் செயலியில் வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்து, 44,100 மாதிரி அளவில் பதிதல் நன்று. பழைய பதிவு வைத்திருப்போர் மூலக்கோப்பை அழியாது வைத்து, ஃபிளாக் படி ஒன்றையும், பாடியவர் பெயர், ஊர், நாள் எழுதிய தாளையும் துறைக்கு வழங்குக. மாற்றித் தரத் தெரியாதோர் மூலக்கோப்பை மட்டும் தந்தாலும் போதும். மாற்றும் பணியைத் துறைக் கணினியிலேயே செய்துகொள்ளலாம்.